அத்தியாயம் 9: காசினோ கப்பலில் போக்கர் போட்டி – ஆடவும் பார்க்கவும்

தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற காசினோ ஒன்றுகூட இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு நாட்டுக்குள்ளேயே சட்டப்படி திறந்திருக்கும் வாசல்களில் பக்கத்தில் இருப்பது கோவாதான். பணஜியில் மாண்டவி ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கும் காசினோ கப்பல்களில் சிலவற்றில் போக்கருக்கென்று தனி அறை உண்டு. இந்த அத்தியாயம் அந்த அறைக்குள் போய், ஒரு போட்டியில் உட்கார்ந்து, கையில் இருப்பதைத் தொலைக்காமல் ஊர் திரும்புவதைப் பற்றியது.

காசினோவில் உள்ள ஆட்டங்களில், எவ்வளவு போகும் என்று உட்காரும் முன்பே தெரிந்துவிடுவது போக்கர் போட்டியில் மட்டும்தான். நுழைவுக் கட்டணம் பத்தாயிரம் என்றால் அதிகபட்ச நஷ்டம் பத்தாயிரம். ரூலெட்டிலோ ஸ்லாட் மெஷினிலோ அப்படி ஒரு வேலி கிடையாது. ஆனால் அந்த வேலியைத் தாண்ட வைப்பதற்கான ஏற்பாடுகள் எல்லாம் அதே கப்பலில் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் சட்டம், சுருக்கமாக

கோவாவின் 1976ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தில் 1992இல் செய்த திருத்தம் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் ஸ்லாட் மெஷினுக்கு வழிவிட்டது. 1996இல் செய்த திருத்தம் கப்பல்களில் சீட்டு மேசைகளை அனுமதித்தது. நுழைய 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் நிலைமை வேறு. தோப்பில் காசு வைத்து ஆடினால் போலீஸ் வண்டி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு "இப்ப எல்லாம் லீகல் மாப்ள" என்று யாராவது பண்ணை வீட்டு ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். செல்போனில் பழகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. அதற்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் வரும் "செயலி"யின் பின்னால் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. போன பணத்தைக் கேட்க ஒரு முகவரியும் இருக்காது.

வீட்டில் ஒத்திகை: புளியங்கொட்டைப் போக்கர்

போட்டியில் புதியவர்களை முதலில் கவிழ்ப்பது மோசமான சீட்டு அல்ல, பழகாத நடைமுறை. அதற்கு மருந்து வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

1. நான்கு முதல் ஆறு பேர் உட்காருங்கள். ஒரு கட்டு சீட்டில் ஜோக்கர்களை எடுத்துவிடுங்கள். காசு மட்டும் வேண்டாம். ஊர் மண்டபத்திலும் வேண்டாம். புளியங்கொட்டைக்குத்தான் ஆடினோம் என்று ஸ்டேஷனில் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

2. புளியங்கொட்டை ஒன்று 100 சிப். சோழி ஒன்று 1,000 சிப். ஆளுக்கு ஐம்பது கொட்டை, ஐந்து சோழி. மொத்தம் 10,000.

3. 'டெக்சாஸ் ஹோல்டெம்' முறையில் ஆடுங்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போட்டு ஒரு சுற்றுப் பந்தயம். நடுவில் மூன்று சீட்டு (ஃப்ளாப்), பந்தயம். நான்காவது (டர்ன்), பந்தயம். ஐந்தாவது (ரிவர்), கடைசிப் பந்தயம். கையில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்து யாருக்கோ அவருக்குப் பானை.

4. கை வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். கீழிருந்து மேலாக: ஒற்றை உயர் சீட்டு, ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே எண், ஐந்து வரிசை (ஸ்ட்ரெய்ட்), ஐந்து ஒரே சின்னம் (ஃப்ளஷ்), மூன்றும் ஜோடியும் (ஃபுல் ஹவுஸ்), நான்கு ஒரே எண், ஒரே சின்னத்தில் வரிசை. ரம்மி ஆடிப் பழகியவர்கள் ஸ்ட்ரெய்ட்டைப் பெரிதாக மதிப்பார்கள். இங்கே ஃப்ளஷ் அதற்கு மேலே.

5. டீலருக்கு இடப்பக்கம் இருப்பவர் 100, அடுத்தவர் 200 கட்டாயமாகப் போட வேண்டும். இவைதான் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். செல்போனில் 15 நிமிட அலாரம் வையுங்கள். அடிக்கும்போதெல்லாம் பிளைண்ட் இரட்டிப்பாகட்டும்.

6. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கொட்டையைத் தள்ளுங்கள்: "கால்" (எதிராளி போட்ட அளவே போடுவது), "ரெய்ஸ் அறுநூறு" (ஏற்றுவது), "ஃபோல்டு" (சீட்டை மடிப்பது). இந்த ஆறாவது படிக்காகத்தான் மற்ற ஐந்தும்.

நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆடினால் கை தானாக வரும்.

எங்கே, எப்போது: அட்டவணையைப் படிப்பது

கோவாவில் போக்கர் என்றதும் முதலில் வரும் பெயர் டெல்டின் ராயல் கப்பல். 2017இல் வேர்ல்ட் போக்கர் டூரின் இந்தியப் பதிப்பு அங்கேதான் நடந்தது. டெல்டின் போக்கர் டோர்னமென்ட், இந்தியா போக்கர் சாம்பியன்ஷிப் ஆகியவை ஆட்டக்காரர்கள் வாயில் அடிபடும் தொடர்கள். தேதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போக்கர் அறைக்கே போன் செய்து அட்டவணையை வாங்குங்கள். டிக்கெட் போடும் முன் அதில் பார்க்க வேண்டியவை:

*கட்டணத்தின் இரண்டு பாகங்கள்.* பரிசுக் குவியலுக்குப் போவது ஒன்று, நடத்துபவர் எடுத்துக்கொள்வது இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் காசினோக்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். சொன்ன தொகையில் வரி அடக்கமா, மேலே வருமா என்று நேராகக் கேளுங்கள்.

*ஆரம்ப சிப்பும் லெவல் நேரமும்.* பிளைண்ட் மாறாமல் இருக்கும் இடைவெளிதான் லெவல். 25,000 சிப், 100/200 பிளைண்ட், 30 நிமிட லெவல் என்றால் மூச்சுவிட இடம் உண்டு. 15 நிமிட லெவல் 'டர்போ' முதல் முறை போகிறவருக்கு ஆகாது. ஆட்டம் பிடிபடுவதற்குள் பிளைண்ட் தலைக்கு மேல் ஏறிவிடும்.

*ரீ-என்ட்ரி.* சிப் தீர்ந்தபின் மறுபடி கட்டணம் கட்டி உள்ளே வரும் வசதி. வேலியில் உள்ள முதல் ஓட்டை இதுதான். ரீ-என்ட்ரியே இல்லாத 'ஃப்ரீஸ்அவுட்' போட்டி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

*நாட்கள்.* பெரிய போட்டிகள் 1ஏ, 1பி என்று பிரிந்து, தப்பித்தவர்கள் மட்டும் இரண்டாம் நாள் கூடுவார்கள். ஒரே நாள் போட்டிகூட நள்ளிரவைத் தாண்டும். மறுநாள் காலை விமானத்துக்குத் திரும்பும் டிக்கெட் போட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து கடிகாரம் பார்க்காதீர்கள்.

போய்ச் சேர

புதுக்கோட்டை வந்து திருச்சி பஸ் ஏறினால் போதும். விமான நிலையம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. அங்கிருந்து பெங்களூரு அல்லது சென்னை வழியாக மாறிப் போகலாம். கோவாவில் விமான நிலையம் இரண்டு: தபோலிம், 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய மோப்பா. எதில் இறங்கினாலும் பணஜிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். டாக்சிக் கட்டணத்தை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ரயிலில் போவதானால் வாரம் ஒருமுறை ஓடும் வேளாங்கண்ணி–வாஸ்கோ வண்டி திருச்சி வழியாகப் போகிறது. மட்காவில் இறங்கலாம்.

கிளம்பும் முன் மூன்று காரியம். அசல் ஆதார் அல்லது பாஸ்போர்ட், கூடவே பான் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு விழுந்தால் பான் இல்லாமல் கைக்கு வராது. முழுக்கால் சட்டையும் ஷூவும் எடுத்துவையுங்கள்; அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடு வரும் ஆண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். மூன்றாவதாக, ஒரே ஒரு நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு, வழிச் செலவு தவிர மற்ற பணம் இருக்கும் ஏடிஎம் கார்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். யுபிஐ வரம்பையும் வங்கிச் செயலியில் குறைத்து வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வரும் வேகத்தை இதைத் தவிர வேறு எதுவும் தடுக்காது.

மேசையில்: உட்கார்ந்தது முதல் எழுந்தது வரை

1. படித்துறையிலிருந்து சிறு படகு கப்பலுக்குக் கூட்டிப்போகும். போக்கர் அறைக்குப் போகும் வழியில் ஸ்லாட் மெஷின்களும் மற்ற மேசைகளும் கண்ணைப் பறிக்கும். நுழைவுச் சீட்டோடு கிடைக்கும் இலவச ஆட்டச் சிப்பை அங்கே தீர்த்துவிட்டு நேராக நடங்கள். அதை "மீட்க" ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

2. பதிவு மேசையில் அடையாள அட்டை காட்டி, கட்டணம் கட்டி, இருக்கைச் சீட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

3. இருக்கையில் சிப்பை எண்ணிப் பாருங்கள். போட்டிச் சிப்புக்குப் பண மதிப்பு இல்லை. நினைவுக்காகக்கூட ஒன்றைப் பையில் போடாதீர்கள். அது விதிமீறல். பெரிய சிப்களை முன்னால் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.

4. முதல் இரண்டு மூன்று லெவலில் ஆட்டத்தைவிட ஆட்களைப் பாருங்கள். பெரிய ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-குயின் போன்ற கைகளுக்கு மட்டும் சிப் போடுங்கள், மற்றதை மடியுங்கள். பத்தில் எட்டு முறை மடித்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. ஒவ்வொரு லெவல் மாறும்போதும் உங்கள் சிப்பைப் பிக் பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். 1,000/2,000 பிளைண்டில் கையில் 18,000 இருந்தால் ஒன்பது பிக் பிளைண்ட். பிக் பிளைண்டில் இருப்பவரே மேசை முழுமைக்கும் சேர்த்து 2,000 ஆன்ட்டி (பிளைண்ட் போக இன்னொரு கட்டாயத் தொகை) போடும் முறை என்றால், ஒரு சுற்று முடிய 5,000 போய்விடும். நான்கு சுற்றுக்குக் காணாது. பத்துக்குக் கீழே இறங்கியபின் 'கால்' என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். நல்ல கை வந்தால் எல்லாவற்றையும் தள்ளுங்கள், இல்லையேல் மடியுங்கள்.

6. இன்னும் ஒருவர் வெளியேறினால் மீதிப் பேருக்குப் பரிசு என்ற கட்டம் வரும். அதற்குப் 'பப்பிள்' என்று பெயர். எல்லா மேசைகளும் ஒரே வேகத்தில், ஒவ்வொரு கையாக ஆட வேண்டியிருக்கும். நடுத்தரக் கையோடு பெரிய குவியல்காரரிடம் மோத இது நேரமல்ல.

7. வெளியேறினால் எழுந்திருங்கள். கை கொடுங்கள். அறையை விட்டுப் போங்கள். பதிவு மேசை வழியாகப் போகாமல் வேறு வழி இருந்தால் அந்த வழியாக.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

உலகெங்கும் பெரும்பாலான போட்டிகள் பின்பற்றுவது, 2001இல் தொடங்கிய போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிகளை. அதிலிருந்து நம்மவர்களைச் சிக்க வைக்கும் நான்கைந்தை மட்டும் சொல்கிறேன்.

பிளைண்ட் 200 இருக்கும்போது பேசாமல் ஒரே ஒரு 1,000 சிப்பை வைத்தால் அது ரெய்ஸ் ஆகாது. வெறும் 200 கால். மீதி 800 திரும்பி வரும். ஏற்றுவதாக இருந்தால் சிப் விழும் முன் வாய் திறக்க வேண்டும்.

சிப்பை இரண்டு தவணையாகத் தள்ளக் கூடாது. முதல் கை வைத்ததுதான் கணக்கு.

வாயில் வந்தது கட்டுப்படுத்தும். உங்கள் முறை வந்தபோது "கால்" என்று சொல்லிவிட்டுப் "பொறுங்க, பார்க்கிறேன்" என்றால் நடுவர் கேட்கமாட்டார். முறை வருவதற்கு முன் பேசுவதும் சீட்டைத் தூக்கி எறிவதும் அதைவிடப் பெரிய குற்றம்.

மொழி. கை நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் எந்த மொழி பேசலாம் என்று நடத்துபவர் அறிவித்திருப்பார். கோவாவில் ஆங்கிலமும் இந்தியும் ஓடும். தமிழ் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கயிற்றுக்கு அப்பால் நிற்கும் மச்சான் ஆர்வத்தில் "மாமா, அவன் சும்மா பயமுறுத்துறான், விட்றாதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு கைக்கு ஒரே ஆள் என்பது விதி. அவர் நல்லெண்ணத்தில் சொன்னார் என்று நீங்கள் விளக்குவதற்குள் உங்கள் கை செல்லாததாகலாம், ஒரு சுற்று வெளியே நிற்க வைக்கலாம். போன் பேசுவதும் அப்படித்தான். பேச வேண்டும் என்றால் மேசையை விட்டு எழுந்து போய்ப் பேசுங்கள்.

கடைசியாக, உங்கள் சீட்டின் மேல் ஒரு சிப்பையோ வேறு கனமான பொருளையோ வையுங்கள். காவல் இல்லாத சீட்டை டீலர் தவறுதலாக வாரிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

பார்க்க மட்டும் போகிறீர்களா?

கூட வரும் மனைவிக்கோ தம்பிக்கோ இது தண்டனை நேரம் ஆக வேண்டியதில்லை. ஆனால் மாலை ஏழு மணிக்கு வந்து எல்லா மேசையையும் சுற்றிப் பார்ப்பது வீண். பப்பிள் நெருங்கும் நேரம், அல்லது கடைசி ஒன்பது பேர் உட்காரும் இறுதி மேசை, இந்த இரண்டில் ஒன்றுக்கு வாருங்கள்.

ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுங்கள். சிப் குறைந்தவர்தான் சுவாரசியம். அவர் எத்தனை கை மடிக்கிறார், எப்போது துணிகிறார் என்று மட்டும் பாருங்கள். சீட்டு தெரியாதே என்று தோன்றும். டிவியில் தெரிகிறதே என்றால், அது மேசைக்குள் வைத்த கேமராவால். 1999இல் பிரிட்டிஷ் நிகழ்ச்சி ஒன்றில் அது வந்த பிறகுதான் போக்கர் பார்ப்பதற்குரிய விளையாட்டே ஆனது. நேரில் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. சிப் குவியலும் முகமும்தான். போட்டியை நேரலையில் காட்டினால் வேண்டுமென்றே தாமதமாகத்தான் ஒளிபரப்புவார்கள். போனில் பார்த்து உள்ளே இருப்பவருக்குச் சைகை காட்ட முடியாது, காட்டவும் கூடாது.

கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள், யாருடைய தோளுக்குப் பின்னாலும் நிற்காதீர்கள், அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஒரு கணக்கு: பரிசு விழுந்தாலும்

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர் 86 டாலர் ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, மற்ற 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் வென்றார். போக்கர் அறைகளில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. கூடவே சொல்ல வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

கட்டணம் ₹11,500 என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரில் பன்னிரண்டு பேருக்குப் பரிசு. பன்னிரண்டாவதாக வந்த உங்களுக்கு ₹18,000. சீட்டாட்டப் பரிசுக்கு வருமான வரி நேராக 30 சதவீதம், செஸ் சேர்த்தால் 31.2. அடிப்படை விலக்கு கிடையாது. கட்டிய கட்டணத்தைச் செலவாகக் கழிக்கவும் இடமில்லை. வரி ₹5,616 போக மிஞ்சுவது ₹12,384. கட்டணம் போக லாபம் 884 ரூபாய். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஆட்டோ வைத்தால்கூடப் பற்றாது.

ஒரே ஒரு முறை ரீ-என்ட்ரி எடுத்திருந்தால்? செலவு ₹23,000. பரிசு வாங்கிய பிறகும் ₹10,616 நஷ்டம். எண்பத்தெட்டு பேரை முந்தி வந்தவரின் கணக்கு இது.

பாதுகாப்பு

- மதுவும் சாப்பாடும் நுழைவுச் சீட்டிலேயே அடங்கியிருக்கும். இலவசம் என்பதற்காகக் குடித்துவிட்டு மேசையில் உட்காராதீர்கள்.
- போட்டியில் தோற்றவருக்குப் பக்கத்து மேசையில் 'கேஷ் கேம்' காத்திருக்கும். அங்கே சிப்பே பணம், எல்லை கிடையாது. முதல் பயணத்தில் அந்தப் பக்கம் வேண்டாம்.
- "நான் பணம் போடுகிறேன், ஜெயித்தால் பாதி" என்று வரும் புதுமுகங்கள், "உறுதியான வெற்றி" பேக்கேஜ் விற்கும் டெலிகிராம் குழுக்கள், கடன் செயலிகள் மூன்றையும் ஒதுக்குங்கள்.
- இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை உண்டு. பெரிய பரிசை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள்.
- விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் தூக்கத்தைக் கெடுத்தாலோ, வீட்டில் மறைத்துக் கடன் வாங்க வைத்தாலோ, 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்; தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கோவா தாண்டி

திருச்சியிலிருந்து கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் மூன்றுக்கும் நேர் விமானம் இருப்பதால் நம் பக்கத்துக்காரர்கள் பலர் காசினோவை முதலில் பார்ப்பதே அங்கேதான். சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு பாஸ்போர்ட் காட்டினால் நுழைவு இலவசம். ஆனால் அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்ற உங்கள் சித்தப்பா மகன் கூட வந்தால், அவர் ஒரு நாளுக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும், வற்புறுத்தாதீர்கள். மலேசியாவின் கெந்திங் மலையில் இஸ்லாமியர்களுக்கு காசினோவுக்குள் அனுமதி இல்லை. போக்கர் போட்டி நடக்கிறதா என்பதை எந்த ஊரானாலும் காசினோவிடமே உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள்.

ஊர் திரும்பியதும்

பரிசு வாங்கியிருந்தால் வரி பிடித்ததற்கான சான்றிதழைக் காசினோவிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பான் எண்ணில் அந்தப் பிடித்தம் ஏறியிருக்கிறதா என்று படிவம் 26ஏஎஸ்-இல் பாருங்கள். பிடித்தது 30 சதவீதம் மட்டும் என்றால் செஸ் பாக்கியை நீங்களே கட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இந்த வருமானத்துக்குச் செல்லாது. ஐடிஆர்-2 போட வேண்டும். புதுக்கோட்டையில் உங்கள் ஆடிட்டரிடம் போகும்போது நுழைவுக் கட்டண ரசீதையும் கொண்டுபோங்கள். அதைக் கழிக்க முடியாது. ஆனால் வங்கிக் கணக்கில் வந்த தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.